இனம் கிடைக்காதவளுக்கு ஒரு தலைப்பு

அநியாயம் செய்யப்பட்டவள் ஸ்டெலா. செய்யப்பட்ட அநியாயம் இது: இனத்தையும் அதிகாரத்தையும் பற்றிப் படிக்கிற எங்கள் வகுப்பில், அவரவர் இனத்தைப் பார்த்து ஆய்வுத் தலைப்புக் கொடுத்தபோது, அவளுக்குக் கொடுக்க இனம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

ஒப்பியல் இலக்கியம் படிக்கிற தொழில் வெளியில் நின்று பார்க்க லேசான தொழில். மின்விசிறிக்குக் கீழே இருந்து கதைப்புத்தகம் வாசிக்கிற வேலை என்றுதான் எங்கள் வீட்டிலும் நினைக்கிறார்கள். உள்ளே வந்தால்தான் தெரியும். இந்தக் கதையை எழுதினவர் யார், யாருக்கு மேலே யார் ஏறி நிற்கிறார், யாருடைய வாயை யார் பொத்தினார் என்று தோண்டித் தோண்டி, கடைசியில் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருக்கிறவரைக்கூட நிம்மதியாகப் பார்க்க முடியாமல் போய்விடும். "இது படிச்சா என்ன வேல கிடைக்கும்?" என்று கேட்ட சொந்தக்காரருக்கெல்லாம் பதில் சொல்லிக் களைத்த கலைப்பீடத்துச் சகோதர சகோதரிகளே, மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் உங்களுக்குப் புரியும்.

நான் புத்தளம் மாவட்டத்து மதுரங்குளி, பெயர் சுமையா. ஸ்டெலா மாம்புரிப் பக்கம். கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ். பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடம் தமிழ் என்பதால் படித்ததும் தமிழ். பிறப்புச் சான்றிதழில் மட்டும் சிங்களம். சண்டைக் காலத்தில் தமிழ் பேசினதற்காக ஆமிக்காரரின் சோதனைச் சாவடிகளில் நின்று நின்று அலுத்துப்போன அவளுடைய அப்பா, பிள்ளையாவது நிற்காமல் போகட்டும் என்று அப்படிப் பதிந்தார். வெயில் ஏறினால் தொப்பி போடுகிற மாதிரி ஒரு காரியம். அந்தத் தொப்பி பல்கலைக்கழகம் வரைக்கும் வந்து கண்ணை மறைக்கும் என்று அந்த மனிதர் கண்டாரா?

பங்கீடு

எங்களுக்குச் சிறப்புக் கற்கையின் கடைசி வருடத்துக்கு ஒரு ஆய்வுத் தலைப்பு வேண்டும். தலைப்பு இல்லையென்றால் பொதுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தலைப்புத் தருகிறவர் நாங்கள் சேர் என்று கூப்பிடுகிற எங்கள் விரிவுரையாளர். நல்ல மனிதர். குரல் உயர்த்தத் தெரியாதவர். 'ஒடுக்கப்பட்டோர்' என்று சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் எழுத்தையும் இந்தியத் தலித் கதைகளையும் மலையகக் கதைகளையும் முஸ்லிம் கவிதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு மனிதரை அவருடைய பிறப்புக்குள் போட்டு அடைப்பதுதான் அதிகாரத்தின் முதல் வேலை என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். சொல்லித் தந்துவிட்டு, ஒரு காலையில் கதிரையில் இருந்தபடி முகம் முகமாகப் பார்த்துத் தலைப்புப் பிரித்தார். ஹட்டன் லோகேசுக்குத் தேயிலைத் தோட்டக் கதைகள். மட்டக்களப்புக் கிருஷாந்திக்கு யுத்தக் கவிதைகள். எனக்கு முஸ்லிம் பெண் கவிஞர்கள். நான் கேட்டது வேறு. சிங்களச் சிறுகதைகளில் வருகிற முஸ்லிம் கடைக்காரரையும் தமிழ்ச் சிறுகதைகளில் வருகிற முஸ்லிம் கடைக்காரரையும் ஒப்பிட ஆசைப்பட்டேன். இரண்டிலும் அவர் ஒரே மாதிரித் தொந்தி வைத்து, ஒரே மாதிரித் தராசைத் தட்டுகிறார் என்று எனக்குச் சந்தேகம். கடை வைத்திருக்கிற என் வாப்பாவுக்குத் தொந்தியே கிடையாது.

ஸ்டெலா கேட்டது இன்னும் நேரான விஷயம். அவர்களுடைய கோவிலில் தவக்காலத்தில் யேசுவின் பாடுகளைச் சொல்லிப் புலம்பல் பாடுவார்கள். அதே பெண்கள் அதே மாலையில் தமிழிலும் பாடுவார்கள், சிங்களத்திலும் பாடுவார்கள். இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றாள். சேர் யோசித்தார். சிறுபான்மை இலக்கியம் என்று எடுத்தால் அவள் பதிவில் சிங்களம், பெரும்பான்மை. சிங்கள இலக்கியம் என்று எடுத்தால் அவள் படித்தது தமிழ் மொழி மூலம், தகுதி போதாது. சொந்தச் சமூகத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பது அவர் வைத்த விதி. இவளுக்குச் சொந்தச் சமூகம் என்று எதைக் காட்டுவது? கடைசியில் சேர் முகம் மலர்ந்து நிமிர்ந்தார்.

"கடலுக்கு இனம் இல்லைத்தானே பிள்ளை, நீங்கள் இலக்கியத்தில் கடலைச் செய்யுங்கோ."

நல்ல கோபம்

ஸ்டெலா எதையும் வாயில் போட்டு மென்றுவிட்டுத்தான் பேசுவாள். மெல்ல நேரம் கொடுத்தால் எதிராளி வென்றுவிடுவான் என்பது என் கொள்கை. அதனால் அவளை இழுத்துக்கொண்டு சேரின் அறைக்குப் போனதும் பேசினதும் நான்தான். நீங்கள் வகுப்பில் சொன்னதும் வகுப்புக்கு வெளியே செய்ததும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டி நிற்கின்றன என்றேன். வெள்ளைக்காரன் ஆட்களைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தான் என்று திட்டுகிறோம், அந்தப் பெட்டிகளைத் தூசு தட்டி மேசையில் அடுக்கி வைத்திருப்பது யார் என்று கேட்டேன். சேர் ஒரு தடவைகூட இடைமறிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு உள்ளுக்குள் வெற்றி முழக்கம்.

ஸ்டெலா சொன்னது ஒரு வாக்கியம்: "எனக்குக் கடல் வேணாம் சேர்." கடல் வேண்டாம் என்றால் தலைப்பு இல்லை என்று அவளுக்குத் தெரியும். சேரும் அதை மெதுவாக நினைவுபடுத்தினார். விடுமுறை முடிந்ததும் தலைப்புக் குழு கூடும், அந்தப் பாட்டெல்லாம் இலக்கியம்தான் என்றால் அத்தாட்சியோடு வந்து குழுவுக்கு முன்னால் பேசலாம், குழு வேண்டாம் என்றால் பொதுப் பட்டம்தான் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் வாதத்துக்குப் பதில் வரப்போகிறது என்று நிமிர்ந்து நின்றேன்.

"இந்தக் கோபத்தை அப்படியே வைச்சிருங்கோ சுமையா, முஸ்லிம் பெண் கவிதைக்கு மிக நல்லாய் வரும்."

கன்டீனில் புரட்சி

அன்றைக்கே கன்டீனில் வைத்து ஒரு திட்டம் போட்டேன். எல்லோரும் தலைப்பை மாற்றிக்கொள்வது. லோகேஸ் முஸ்லிம் பெண் கவிஞர்களை எடுக்கட்டும், நான் தேயிலையை எடுக்கிறேன், கிருஷாந்தி சிங்களக் காதல் கதைகளை எடுக்கட்டும். வகுப்பே சேர்ந்து நின்றால் சேர் என்ன செய்வார்? கிருஷாந்தி பாதி சம்மதித்தாள். அவளுக்கு யுத்தம் அலுத்துவிட்டது. "எங்கட ஊரில ஆக்கள் சிரிக்கிறதும் இருக்கடி, அத ஒருத்தரும் கேக்கிறாங்களில்ல" என்றாள். லோகேஸ் மட்டும் மீன் றோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தான். மலையகத்தான் என்றால் தேயிலையை விட்டு வேறெதையும் யோசிக்கக் கூடாதா, உனக்கு வெட்கமாக இல்லையா, உன் தாத்தா காலத்தில் தோட்டத்துத் துரை கொடுத்த வேலையைத்தானே இன்றைக்கு சேர் கொடுக்கிறார் என்று நான் அவனைப் பிடித்து உலுக்கினேன். அவன் றோல்ஸை முடித்து, கையைக் கடதாசியில் துடைத்து, என்னைப் பாவமாகப் பார்த்தான்.

"எங்க கஷ்டத்த எழுதுனா வாசிக்காமலே ஏ கிரேட் போடுறாங்க சுமையா, அதையும் கெடுத்துறாத."

பஸ்ஸில்

விடுமுறைக்குப் புத்தளம் பஸ்ஸில் ஏறினோம். தவக்காலம் தொடங்கியிருந்தது. அத்தாட்சி சேர்க்க அதைவிட்டால் வேறு காலமில்லை. நடத்துனர் ஸ்டெலாவின் கழுத்துச் சங்கிலியில் சிலுவையைப் பார்த்து அவளிடம் படபடவென்று சிங்களத்தில் பேசினார். என் முக்காட்டைப் பார்த்து என்னிடம் சைகையில் பேசினார். புலம்பலைச் சிங்களத்தில் மணிக்கணக்காகப் பாடக்கூடிய ஸ்டெலாவுக்கு, பை வைக்க இடம் கேட்கச் சிங்களம் வராது. வாப்பாவின் கடையில் நின்று வளர்ந்த எனக்கு, சண்டை பிடிக்கிற அளவுக்கு வரும். அதனால் அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் நான் பதில் சொன்னேன், என்னிடம் காட்டின சைகைக்கு அவள் தலையாட்டினாள்.

சிலாபம் தாண்டுவதற்குள் மனிதர் குழம்பிப்போனார். இவ தமிழா என்று அவளைக் காட்டி என்னிடம் கேட்டார். பதிவில் சிங்களம் என்றேன். அப்போ நீங்க? நான் முஸ்லிம், வீட்டில் தமிழ் என்றேன். பதிவு என்பதே அரசாங்கம் மனிதர் மேல் ஒட்டுகிற துண்டு என்று தொடங்கி, கொழும்பு வீதியில் ஓடுகிற பஸ்ஸில் என் விரிவுரையை ஆரம்பித்தேன். முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நடத்துனர் கம்பியைப் பிடித்தபடி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, எங்கள் பக்கத்து ஆட்களின் தமிழிலேயே சொன்னார்.

"அப்ப ரெண்டு பேரும் மாறி ஏறிட்டீங்க, இறங்கக்குள்ளயாவது சரி பாத்து இறங்குங்க."

மதுரங்குளியில் ஓர் அகதி

வழியில் எங்கள் வீட்டில் இறங்கினோம். உம்மா ஸ்டெலாவின் தட்டில் இறைச்சியைக் குவித்தார். தவக்காலத்தில் அவள் இறைச்சி தொடமாட்டாள் என்று தெரிந்ததும், எங்களுடைய நோன்பில் சாப்பிடாமல் இருப்பவர்களைப் பார்க்கிற மரியாதையோடு பார்த்து, ஓடிப்போய் முட்டை பொரித்தார். பிறகு வாப்பாவின் கடைக்குப் போனோம். வலை, கயிறு, ஆணி, பெயின்ற் விற்கிற கடை. முன்னால் கைத்தொலைபேசி திருத்துகிற கடை, நான் அண்ணன் முறையில் கூப்பிடுகிற ரிஸ்வான் நானாவுடையது. ஸ்டெலாவின் போனில் ஒலிப்பதிவு இழுபடுகிறது என்று அவரிடம் காட்ட, வாப்பா கூடவே வந்து அறிமுகம் செய்தார்: "இவர் அகதிப் பொடியன், மகள். நல்ல பொடியன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக் காலத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் எங்கள் மாவட்டத்துக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ரிஸ்வான் நானா பிறந்ததே புத்தளம் ஆஸ்பத்திரியில். கடை வைத்திருக்கிறார், மாடி வீடு கட்டியிருக்கிறார், வாப்பா அவரிடம் கைமாற்றுக்கூட வாங்குவார். "இன்னும் எத்தின தலைமுறைக்கு வாப்பா இவங்க அகதி? நாங்களும் தமிழ் பேசுற முஸ்லிம், இவங்களும் தமிழ் பேசுற முஸ்லிம். சேர் மாதிரித்தான் நீங்களும்!" என்றேன். சேர் யார் என்று தெரியாத வாப்பா, "சும்மா ஒரு அடையாளத்துக்குச் சொல்ற கத, அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற?" என்று நழுவிக் கடைக்குள் போனார். ரிஸ்வான் நானா தலை நிமிராமல், போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டெலாவின் கதையை என்னிடம் விசாரித்தார். கடலைச் செய்யச் சொன்ன இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்.

"அது பரவால்ல தங்கச்சி, அவவுக்கு ஒரே பதில்தான் சொன்னாங்க, எங்களுக்கு ரெண்டு, அவங்க வோட்டுக் கேட்டு வாற நேரம் நாங்க ஊர் ஆக்கள், நாங்க பொண்ணு கேட்டுப் போற நேரம் அகதி."

மாமியின் வட்ஸ்அப்

மாம்புரியில் புலம்பல் பாடுகிற குழுவுக்குத் தலைவி ஸ்டெலாவின் மாமி மார்கிரெட். பகலில் மீன் வெட்டிக் கருவாடு போடுவார், மாலையில் கோவிலில் குரல் கொடுப்பார். குழுவில் இரண்டு விதமான பெண்கள். பெரியவர்கள் தமிழ் எழுத்து மட்டும் வாசிப்பார்கள். சிலாபம் பக்கத்திலிருந்து கலியாணம் முடித்து வந்த இளையவர்கள் படித்தது சிங்களப் பள்ளிக்கூடம். வீட்டில் தமிழ் பேசினாலும் தமிழ் எழுத்துத் தெரியாது. மாமிக்கு இரண்டு எழுத்தும் தெரியும். அதனால் அவர் வட்ஸ்அப்பில் இரண்டு குழு வைத்திருந்தார். இளையவர்களின் குழுவுக்குத் தமிழ்ப் புலம்பலைச் சிங்கள எழுத்தில் அனுப்புவார். பெரியவர்களின் குழுவுக்குச் சிங்களப் புலம்பலைத் தமிழ் எழுத்தில் அனுப்புவார். கோவிலில் ஒரே வரிசையில் நின்று ஆளுக்கொரு எழுத்தைப் பார்த்து, இரண்டு புலம்பலையும் ஒரே குரலில் பாடிவிடுவார்கள்.

அன்று மாலை நான் கோவில் வாசலில் நின்று கேட்டேன். யாரோ ஒரு பெண் உள்ளேயிருந்து கதிரை ஒன்றைத் தூக்கிவந்து எனக்குப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்ப் பாடினார். மகனைப் பறிகொடுத்த தாய் பேசுவதாக ஒரு பகுதி. தமிழா சிங்களமா என்று கவனிக்க வேண்டும் என்று குறிப்பெடுக்க வந்தவள், எந்த இடத்தில் மொழி மாறியது என்பதைத் தவறவிட்டேன். ஸ்டெலா இரண்டாம் வரிசையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, போனே பார்க்காமல் பாடினாள்.

அடுத்த நாள் மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்த இடத்துக்கே போய்க் குந்தினேன். நீங்கள் செய்வது எவ்வளவு பெரிய காரியம் தெரியுமா மாமி, எழுத்து ஒரு இனம், சத்தம் ஒரு இனம் என்று பிரித்து வைத்தவர்களுடைய அதிகாரத்தை நீங்கள் உடைக்கிறீர்கள் என்றேன். "நான் ஒண்டும் உடைக்கல்ல, நீ அந்தச் சட்டிய உடைக்காம தள்ளி இரு" என்றார். விடுவேனா? மாமி, உங்களைக் கேட்டால் நீங்கள் தமிழ் என்பீர்களா, சிங்களம் என்பீர்களா என்று கேட்டேன். கத்தி ஒரு கணமும் நிற்கவில்லை.

"ஆமி கேட்டா சிங்களம், சாமி கேட்டா தமிழ், நீ கேட்டா நேரமில்ல, மீன் கெட்டுப்போகும்."

இத்தாலியிலிருந்து ஒரு அழைப்பு

ஸ்டெலாவின் அப்பா அந்தோனி அங்கிள் பேச்சுக் குறைந்தவர்; மகள் அவரைக் கொண்டு பிறந்தவள். தலைப்புக் கிடைக்காவிட்டால் என்ன என்பது அந்த வீட்டில் எப்போதோ முடிவாகியிருந்தது. இத்தாலியில் இருக்கிற சித்தப்பா, வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை ஒன்றைப் பேசி வைத்திருந்தார். அந்தக் கரையில் பாதி வீடுகளின் கூரை இத்தாலிக் காசில் போட்டதுதான். அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால் கட்டிலில் கிடக்கிற ஒரு இத்தாலிக் கிழவரைக் கழுவித் துடைக்கவா ஸ்டெலா உயர்தரப் பரீட்சையில் தமிழுக்கு ஏ எடுத்தாள்? "அது என்ன கேவலமான வேலையா?" என்று ஸ்டெலா என்னைத்தான் திருப்பிக் கேட்டாள். இல்லை. ஆனால் நீ கேட்டது அதுவல்லவே என்றேன். அவள் வெளியே போய்க் காய்ந்த உடுப்புகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீடியோவில் வந்தார். பின்னால் அடுப்பும் பளிங்குமாய் யாருடைய வீட்டுக் குசினியோ தெரிந்தது. மகளுடைய பிரச்சினையை அந்தோனி அங்கிள் மூன்றே சொல்லில் சொன்னார்: படிப்பிக்கிறவங்க இனம் கேக்கிறாங்க. சித்தப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. போன் ஆடியது.

"இங்க வா மகள், இங்க அந்தக் கரைச்சலே இல்ல, தமிழன் சிங்களவன் சோனகன் எல்லாரையும் சரிசமமா கறுப்பு எண்டுதான் சொல்றாங்க."

பக்கச்சார்பு இல்லாதவர்

விடுமுறையின் நடுவில் சேரிடமிருந்து ஸ்டெலாவுக்கு அழைப்பு வந்தது. தலைப்புக் கிடைத்துவிட்டது என்று நான் துள்ளினேன். விஷயம் வேறு. ஐரோப்பாவிலிருந்து ஒரு ஆய்வாளர் பெண்மணி வருகிறார், கரையோரக் கத்தோலிக்கரின் இருமொழிப் புலம்பல்தான் அவருடைய ஆய்வு, அந்தச் சமூகத்தின் உண்மையான பிரதிநிதியாக நீங்கள் கூட நின்று உதவ வேண்டும் என்றார் சேர். சமூகமே இல்லை என்று சொன்ன அதே வாய்! ஸ்டெலா ஓம், வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஏனடி என்றேன். "வாறவ என்ன பாவம் செய்தவ?" என்றாள்.

வந்தவர் உண்மையிலேயே நல்ல பெண்மணி. வெயிலில் தக்காளியாகச் சிவந்து, தந்ததை எல்லாம் சாப்பிட்டார். பாடுகிறவர்கள் மாம்புரியில் இருக்க, படம் பிடிக்க அழகாக இருக்கும் என்று வழிகாட்டி அவரை உச்சமுனைத் தீவுக்குப் படகில் கூட்டிப்போனான். அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மனிதர்களிடம் புலம்பச் சொல்லிக் கேட்க, அவர்கள் டீசல் விலையைப் பற்றிப் புலம்பினார்கள். கடைசியில் ஸ்டெலாதான் மாமியிடம் அழைத்து வந்தாள், மொழிபெயர்த்தாள், வரி வரியாக விளக்கினாள். போகும்போது அவர் ஸ்டெலாவின் கையைப் பிடித்து, உன் ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டார். இன்னும் இல்லை, கடல் தந்தார்கள் என்றாள் ஸ்டெலா. எவ்வளவு அழகான தலைப்பு என்றார் அவர்.

நான் சேரை அழைத்தேன். சொந்தச் சமூகத்தைத்தான் எழுத வேண்டும் என்கிற விதி அந்தப் பெண்மணிக்கு ஏன் இல்லை, எங்கள் கரையின் பாட்டை அவர் எழுதலாம், கரையில் பிறந்தவள் எழுதக் கூடாதா என்று கேட்டேன். கோபத்தில் என் குரல் உயர்ந்தது. சேருடைய குரல் வழக்கம்போல் தேன்.

"அவ வெளிநாட்டு ஆள்தானே பிள்ளை, அவவிட்ட பக்கச்சார்பு இருக்காது."

குழு

தலைப்புக் குழு கூடிய நாள் நான் வகுப்புப் பிரதிநிதி என்ற உரிமையில் கடைசிக் கதிரையில் இருந்தேன். வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அதைவிடக் கொடிய நிபந்தனையை என் வாழ்க்கையில் நான் ஏற்றதில்லை. குழுவில் மூன்று பேர். தலைவி, இலக்கணம் படிப்பித்து நரைத்த பேராசிரியர் அம்மா. இரண்டாவது எங்கள் சேர். மூன்றாவது சிங்களத் துறையிலிருந்து வந்த இளம் விரிவுரையாளர். ஆங்கிலத்தில்தான் எங்களோடு பேசுவார். ஸ்டெலாவின் அப்பா அன்று காலை அவளிடம், கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கிற கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டிருந்தார்.

அத்தாட்சி எங்கே என்று சேர் கேட்டார். ஸ்டெலா ஒரு பக்கத்தை மேசையில் வைத்தாள். மாமி இளையவர்களுக்கு அனுப்பிய செய்தி, அச்செடுத்தது. சேர் எடுத்துப் பார்த்தார், இது சிங்களம், எனக்கு வாசிக்க வராது என்று மற்றவரிடம் தள்ளினார். சிங்களத் துறைக்காரர் எடுத்தார். எழுத்தெல்லாம் தெரிகிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை, இது சிங்களமில்லை என்று திரும்பத் தள்ளினார். பக்கம் மேசையில் இரண்டு தடவை அங்கும் இங்கும் போனது. பேராசிரியர் அம்மா இருவரையும் மாறி மாறிக் காட்டி, "நீர் சத்தமாக வாசியும், நீர் கேளும்" என்றார். சிங்களத் துறைக்காரர் எழுத்துக் கூட்டி வாசிக்க, சேர் கேட்டார். முதல் வரியில் சேருடைய புருவம் ஏறியது. இரண்டாம் வரியில் அவர் தமிழில் திருப்பிச் சொன்னார். பிறகு ஒருவர் வாசிக்க ஒருவர் பொருள் சொல்ல, மகனின் முள்முடியைப் பார்த்துத் தாய் அழுகிற இடம்வரை இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். தனியாக ஒருவராலும் போக முடியவில்லை. சேர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைக்க உண்மையாகவே காரணம் இருந்தது.

பேராசிரியர் அம்மா பேனாவை எடுத்தார். ஆனால் சேருக்கு ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. இந்த ஆய்வைத் தமிழ்ச் சிறுபான்மை இலக்கியத்தின் கீழ் போடுவதா, சிங்களத்தின் கீழ் போடுவதா? ஆய்வாளர் தன்னை யாரென்று சொல்லாமல் எந்தக் கண்ணோட்டத்தில் எழுதுவார்? முதலில் அது முடிவாக வேண்டும், இல்லாவிட்டால் அனுமதிக்க முறையில்லை என்றார். நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். நாக்கின் நுனியில் ஒரு கட்டுரையே இருந்தது. "சொல்லுங்கோ பிள்ளை, நீங்கள் தமிழா, சிங்களமா?" என்று சேர் அன்பாகக் கேட்டார். ஸ்டெலா வழக்கம்போல் மென்றாள். தலைப்பு அன்றைக்கே அனுமதிக்கப்பட்டது என்பதையும், நான் வருடக்கணக்காக வாதாடிப் பெறாததை அவள் ஒரே மூச்சில் பெற்றுக்கொண்டு வெளியே வந்தாள் என்பதையும் பொறாமையோடு பதிந்துவிட்டு, அவள் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"ஆராய்ச்சி முடிய சொல்லுறன் சேர், இப்பவே தெரிஞ்சிருந்தா நான் ஏன் அதச் செய்யோணும்?"